கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

திருநெல்வேலிச் சீமையில் விளையாட்டுக்கும் திணை உண்டு. கரிசல்காட்டுக் கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போனது. தாமிரபரணிக் கரையின் வயற்காட்டு ஊர்களில் கபடி. தாழையூத்தை ஒட்டிய சங்கர் நகரில், சிமென்ட் கம்பெனி மைதானத்தில், இரவைப் பகலாக்கும் விளக்குகளோடு டி.என்.பி.எல். கிரிக்கெட். கால்பந்து என்றால் முக்கியமாக இரண்டு இடங்களைச் சொல்வார்கள். ஒன்று பாளையங்கோட்டைப் பள்ளிக்கூட மைதானங்கள். மற்றது ஆறு கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காயல்பட்டினம்.

இந்த வரைபடத்தை மனசில் வைத்துக்கொண்டு தை மாதத்தில் ஆற்றோடு கீழிறங்கினேன், மலையிலிருந்து கடல் வரை. வயல்களில் பிசானப் பயிர் கதிர் தள்ளிக்கொண்டிருந்தது. ஆட்டக்காரர்களைப் பார்க்க எத்தனையோ பேர் போகிறார்கள். ஆடி முடித்துவிட்டு, மறுபடி மைதானத்துக்கே வந்து, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நிற்பவர்களைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆசையைக் கிளப்பியது ஒரு செய்தி. 2025 ஆகஸ்ட் 1 அன்று காலித் ஜமீல் இந்தியக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். சாவியோ மெதெய்ரா 2012-ல் விலகிய பிறகு அந்த நாற்காலியில் ஓர் இந்தியர் உட்கார 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. காலித் ஒரு காலத்தில் மஹிந்திரா யுனைடெட்டுக்கும் ஏர் இந்தியாவுக்கும் நடுக்களத்தில் ஆடியவர். ஆட்டத்தை நிறுத்திய 2009-லேயே மும்பை எஃப்.சி.யின் பயிற்சிப் பொறுப்புக்கு வந்தார். பணபலம் இல்லாத அந்த அணியைப் பல ஆண்டுகள் தாங்கிப் பிடித்தார். பிறகு மிசோரம் போனார். முந்தைய பருவத்தில் தகுதியிறக்கமாகி, எப்படியோ மறுபடி சேர்த்துக்கொள்ளப்பட்ட ஐஸால் அணியை 2017-ல் ஐ-லீக் சாம்பியனாக்கினார். அதற்கும் பிறகு தேசிய அணிக்கு வர எட்டு ஆண்டுகள். இந்தப் பதினாறு வருடக் காத்திருப்பைத்தான் நான் இன்னும் கிட்டத்தில் வைத்துப் பார்க்க விரும்பினேன். ஆட்டக்காரர் பயிற்சியாளராக மாறும்போது உள்ளே என்ன நடக்கிறது?

பாபநாசம்

படித்துறையில் தை மாதத் தண்ணீர் கணுக்காலைக் கடித்தது. மேலே காரையாறு அணை, 143 அடி. 1942-ல் கட்டி முடித்தது. கீழே விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்கள் 1885-ல், விழுகிற தண்ணீரின் விசையை நம்பித் தொடங்கிய பஞ்சாலை. பார்க்க வருகிறவர்கள் அருவியையும் கோயிலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது கோடைமேலழகியான் அணைக்கட்டு.

இந்த ஆற்றில் அப்படி எட்டு இருக்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று மேலிருந்து கீழாக உள்ளூர்க்காரர்கள் வாய்ப்பாடு போலச் சொல்லிவிடுவார்கள். கடைசி ஒன்றுதான் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. மற்றவை அதற்கு முந்தையவை. காரையாறு அணை தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். இவை அப்படிச் செய்வதில்லை. ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகப் படுத்திருக்கும் கல்வரிசை, அவ்வளவுதான். வருகிற தண்ணீரை ஒரு மட்டத்துக்கு உயர்த்தி, பக்கத்துக் கால்வாய்க்குத் திருப்பிவிடும். மிச்சம் அதன் தலைக்கு மேலேயே ஏறிப் போய்விடும். ஒரு சொட்டுக்கூட அது தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை. நல்ல பயிற்சியாளரின் வேலையை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது. ஓட்டம் பையன்களுடையது. மட்டத்தை உயர்த்துவதும் திசையைக் காட்டுவதும்தான் அவருடையது.

பாபநாசத்தில் நின்று மேற்கே பார்த்தால் பொதிகை. அந்தப் பக்கம் கேரளம். மலைக்கு அந்தப் பக்கத்தில் கால்பந்து வெறி என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அந்த வெறிக்கு முதல் பெரிய வெற்றியைத் தேடிக்கொடுத்த பயிற்சியாளர் ஒரு தமிழ்நாட்டுக்காரர் என்பது இந்தப் பக்கத்தில் அநேகருக்குத் தெரியாது. அவர் பெயர் சைமன் சுந்தர்ராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய இந்திய அணியில் இருந்தவர். இந்தியக் கால்பந்து கடைசியாக ஒலிம்பிக்கைப் பார்த்தது அந்த ஆண்டில்தான்.

1973 டிசம்பர் 27. எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானம். சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் எதிரே ரயில்வேஸ். கேரளம் 3-2 என்று வென்றது. மூன்று கோலையும் அடித்தவர் அணித் தலைவர் மணி. அன்றிலிருந்து இன்றுவரை மலையாளிகளுக்கு அவர் ‘கேப்டன் மணி’. கேரளத்தின் முதல் சந்தோஷ் கோப்பை அது. கோட்டுக்கு வெளியே நின்றவர் சைமன் சுந்தர்ராஜ். அந்த அணியின் துணைத்தலைவர் டி.ஏ. ஜாஃபர் பிற்பாடு தானும் பயிற்சியாளராகி, 1992-லும் 1993-லும் கேரளத்துக்கு அதே கோப்பையை வாங்கித் தந்தார். ஒரு பயிற்சியாளரிடம் ஆடியவர் இன்னொரு பயிற்சியாளராக வளர்வது இப்படித்தான். தொடர்ச்சி அறுந்துபோனால் மறுபடி அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தப் பக்கம் கதை வேறு. தமிழ்நாடு இன்றுவரை சந்தோஷ் கோப்பையை வென்றதில்லை. 2012-ல் இறுதி ஆட்டம் வரை போய், சர்வீசஸிடம் 2-3 என்று தோற்றுத் திரும்பியது. மேற்கே போன பயிற்சியாளர் கோப்பையோடு நின்றார். அவரை வளர்த்த மண் வேடிக்கை பார்த்தது. மழை மேகம் மட்டும்தான் அங்கிருந்து இங்கே மலை தாண்டி வர வேண்டுமா என்ன?

பாளையங்கோட்டை

அம்பாசமுத்திரம், அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று பேருந்து கால்வாய்களைத் தாண்டித் தாண்டி வந்து, திருநெல்வேலி ஜங்ஷனில் நெரிசலுக்குள் இறக்கிவிட்டது. சுலோசன முதலியார் பாலத்தில் ஆற்றைக் கடந்தால் பாளையங்கோட்டை. 1843-ல், சிரஸ்தார் வேலையில் இருந்த ஒருவர் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம். ஊருக்காகச் செலவழித்தவரின் பெயரைப் பாலத்தில் நிலைக்கவிட்ட இந்த ஊர், மைதானத்தில் ஆயுளைச் செலவழித்தவர்களின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்பார்கள். செயின்ட் ஜான்ஸ், செயின்ட் சேவியர்ஸ், சாரா டக்கர் என்று மிஷன் கல்விக்கூடங்கள் வரிசையாக நிற்கின்றன. பள்ளிக்கூடத்தோடு மைதானமும் வந்தது, மைதானத்தோடு டிரில் மாஸ்டரும் வந்தார். இந்த டிரில் மாஸ்டர்களின் மூலத்தைத் தேடினால் சென்னை நந்தனத்துக்குப் போய் நிற்கும். அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிதான் ஆசியாவிலேயே முதலாவது என்பார்கள். அதைப் பார்த்து முளைத்த கல்லூரிகளிலிருந்து ஊர் ஊருக்கு வந்தவர்கள்தான் நமக்குத் தெரிந்த பி.டி. சார்கள். தலைமைப் பயிற்சியாளர் என்ற பட்டம் யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அணியைத் தேர்ந்தெடுத்தவர், சுண்ணாம்பில் கோடு போட்டவர், வெளியூர் ஆட்டத்துக்கு ரயிலில் அழைத்துப் போனவர், தோற்று வந்தால் புரோட்டா வாங்கித் தந்தவர், வகுப்பு ஆசிரியரிடம் லீவுக்குப் பேசியவர் எல்லாம் அவர் ஒருவரே.

விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். பையன்கள் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தார்கள், ஒரு பக்கம் ஆரஞ்சு நிற பிப், மறு பக்கம் சட்டை. பயிற்சி கொடுத்தவருக்கு முப்பதுக்குள்தான் இருக்கும். பல்கலைக்கழக அணியில் வலது விங்கில் ஆடியவர். முழங்கால் போன பிறகு, ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டு காலையிலும் மாலையிலும் இங்கே வருகிறார். ‘டி’ லைசென்ஸ் வாங்கியிருக்கிறார். பக்கத்தில் நாற்காலி போட்டுக் காதில் மஃப்ளரோடு உட்கார்ந்திருந்தவர் அவருக்குப் பள்ளிக்கூடத்தில் பி.டி. சாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

இளைஞர் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. வலது விங்கில் ஆடிய பையனுக்கு இணையாகக் கோட்டுக்கு வெளியே அவரும் ஓடினார். “ஏலே, நிமிந்து பாருலே! வெட்டுலே! இப்ப கிராஸ் போடு!” பையன் ஒவ்வொன்றையும் செய்தான். ஒரு நொடி தாமதித்தே செய்தான். இடைவேளையில் பெரியவர் அவரைக் கூப்பிட்டார்.

“ஏலே, பந்து காலுக்கு வந்ததும் அவன் கோலைப் பாக்கல. உன்னைய பாக்கான்.”

இளைஞர் தலையைக் குனிந்துகொண்டார். “சார், அவன் தப்பான இடத்துக்கு ஓடுதான் சார்.”

“ஓடட்டும். நீ ஓடாதே. ஆடுற காலத்துல பந்து எங்கன்னு தெரிஞ்சா உனக்குப் போதும். இப்ப பந்து இல்லாத பத்து பேரு எங்க நிக்கான்னு பாக்கணும். விங்குல ஆடுனவன் விங்கையே பாத்துக்கிட்டு நின்னா ஸ்டாப்பரை யாருலே பாப்பா?”

இரண்டாம் பாதி முழுக்க இளைஞரை அவர் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டார். வாயே திறக்கக் கூடாது என்று நிபந்தனை. நான் அந்த இளைஞரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கால் தரையில் தானாக உதறிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் போனதும் பார்வை விங்கை விட்டு நகர்ந்து, பின்வரிசைக்குப் போயிற்று. சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஏதோ குறித்தார். ஆட்டம் முடிந்ததும் வலது விங் பையனிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இடது பக்கத்துத் தடுப்பாட்டக்காரனைத் தோளில் கைபோட்டுத் தனியே அழைத்துப் போனார்.

“இவன் தேறிருவான்” என்றார் பெரியவர் என்னிடம். “நல்லா ஆடுனவனுக்குத்தான் இது கஷ்டம். அவனுக்கு எல்லாம் தானா வந்திருக்கும். எப்படி வந்துதுன்னு சொல்லத் தெரியாது. திக்கித் திணறி ஆடுனவன் ஒவ்வொண்ணையும் யோசிச்சு யோசிச்சுப் படிச்சிருப்பான். அவனுக்குச் சொல்லித் தர வரும்.”

உலகத்துக் கணக்கும் அவர் சொன்னதற்கு ஓரளவு சாட்சி சொல்கிறது. ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பை வென்றவர்கள் மூன்றே பேர்: பிரேசிலின் ஸகாலோ, ஜெர்மனியின் பெக்கன்பவர், பிரான்ஸின் தெஷாம்ப். மரடோனாவுக்கு நிகரான ஆட்டக்காரர் இந்த மூவரில் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. அந்த மரடோனா பயிற்சியாளராக நின்ற 2010 உலகக் கோப்பையில் அர்ஜென்டினா காலிறுதியில் ஜெர்மனியிடம் 0-4 என்று நொறுங்கியது.

படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. பெரியவர் காலத்தில் பயிற்சியாளர் என்றால் பாட்டியாலாவில் 1961-ல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோதான். ‘என்.ஐ.எஸ். கோச்’ என்றால் ஊரில் தனி மரியாதை. இப்போது ஏணி வேறு. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ‘டி’ தொடக்கப் படிகளில் ஒன்று. அதற்கு மேல் ஆசியக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, உச்சியில் புரோ. ஒவ்வொரு படிக்கும் வகுப்பு, தேர்வு, கட்டணம், வெளியூர்த் தங்கல். “லைசென்ஸ் படிக்கப் போனா இங்க சம்பளம் போயிரும்” என்றார் இளைஞர். “வகுப்புல எல்லாம் இங்கிலீஷ். ஆட்டம் புரியுது, வார்த்தைதான் புரியல. போனில் தேடிக் கண்டுபிடிச்சேன்.”

மேலே ஏறியவர்களும் இல்லாமல் இல்லை. சையத் சபீர் பாஷா இந்தியன் வங்கிக்கும் இந்தியாவுக்கும் முன்வரிசையில் ஆடிய சென்னைக்காரர். ஆடிய வங்கிக்கே பயிற்சியாளரானார். பிறகு சென்னையின் எஃப்.சி.யில் துணைப் பயிற்சியாளர். 2018 மார்ச்சில் பெங்களூருவை 3-2 என்று வீழ்த்தி அந்த அணி ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கியபோது தலைமைப் பயிற்சியாளர் ஜான் கிரிகரிக்குப் பக்கத்தில் இருந்தவர் அவர்தான். 2022 பிப்ரவரியில் தலைமைப் பயிற்சியாளர் பந்தோவிச் நீங்கியபோது, மிச்ச ஆட்டங்களுக்கு அணி சபீர் பாஷா கைக்கு வந்தது, இடைக்காலமாக.

இந்த ‘இடைக்காலம்’ இந்தியப் பயிற்சியாளர்களின் தலையெழுத்தாகவே இருந்திருக்கிறது. வெளிநாட்டவர் போன பிறகு, அடுத்த வெளிநாட்டவர் வரும்வரை. காலித் ஜமீலும் 2021-ல் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டுக்கு இடைக்காலமாக வந்தவர்தான். அணியை அரையிறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோன பிறகே நிரந்தரமானார். கோவாவின் கிளிஃபோர்டு மிராண்டா 2023-ல் இடைக்காலமாக ஒடிசாவை ஏற்றுக்கொண்டு சூப்பர் கோப்பையை வென்றுகாட்டினார். வாடகை வீட்டில் இருந்துகொண்டு கிணறு வெட்டியவர்கள் இவர்கள்.

சீவலப்பேரி

பாளையங்கோட்டையிலிருந்து வடகிழக்கே போனால் சீவலப்பேரி. குற்றாலத்து மலையிலிருந்து வரும் சிற்றாறு தாமிரபரணியில் கலக்கிற இடம். முக்கூடற்பள்ளு பாடிய முக்கூடல் இதுதான். சிற்றாற்றுப் பக்கத்து ஊர்களான கடையநல்லூர், தென்காசியிலிருந்து நூறாண்டுக்கு முன்பே சிங்கப்பூருக்குக் கப்பலேறியவர்கள் ஏராளம். தஞ்சோங் பகாரில் குடியேறி, சங்கம் வைத்து, உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். கலக்கிற தண்ணீரைப் பார்த்து நின்றபோது, கடல் தாண்டிய தமிழர்களில் இரண்டு பயிற்சியாளர்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் இந்த ஆற்றங்கரைக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இப்படிப் போன தமிழ்க் குடும்பங்களின் வழியில் வந்தவர்கள்.

ஒருவர் சிங்கப்பூரின் வி. சுந்தரமூர்த்தி. 1980-களின் கடைசியில் சுவிட்சர்லாந்து போய் பாசல் அணிக்கு ஆடியவர். பந்தைக் கையாளும் அழகுக்காக ரசிகர்கள் ‘தி டாஸ்லர்’ என்று பட்டம் வைத்தார்கள். பயிற்சியாளராகி, சிங்கப்பூரின் லயன்ஸ்12 அணியை 2013-ல் மலேசிய சூப்பர் லீக் சாம்பியனாக்கினார். ஆனால் 2016 முதல் 2018 வரை தேசிய அணியை அவர் நடத்தியபோது எழுந்த பெரிய குறை என்ன தெரியுமா? அணி தற்காத்துக்கொண்டே ஆடுகிறது என்பதுதான். தன் காலில் வாண வேடிக்கை காட்டியவர் தன் அணிக்குக் கதவைச் சாத்தக் கற்றுக்கொடுத்தார். அதைக் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தன்னைப்போல ஆடக்கூடியவன் அணியில் இல்லை என்று தெரிந்துகொள்வதும் பயிற்சியாளரின் அறிவுதான். கூட்டம் அதற்குக் கை தட்டாது, அவ்வளவே.

இன்னொருவர் மலேசியாவின் கே. ராஜகோபால். அவரும் முன்னாள் முன்வரிசை ஆட்டக்காரர். 2009 தென்கிழக்காசிய விளையாட்டில், 20 ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியாவுக்குக் கால்பந்துத் தங்கம் வாங்கித் தந்தார். அந்த இளைஞர்களையே பெரும்பாலும் வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு சுசூகி கோப்பைக்குப் போனார். 2010 டிசம்பர் 1, முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 1-5 என்று அடி வாங்கியது அணி. ஊரே கைகழுவிவிடக்கூடிய தோல்வி. அதே டிசம்பர் 26-ல், கோலாலம்பூரில், அதே இந்தோனேசியாவை இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் 3-0 என்று வென்றது. 29-ஆம் தேதி ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் கோப்பை மலேசியாவுக்கு. அந்தக் கோப்பையை மலேசியா தூக்கியது அதுவே முதல் தடவை.

இருபத்தைந்து நாளில் ஆட்டக்காரர்களின் கால் மாறியிருக்காது. மாறியது மனசும், நிற்கும் இடங்களும். பாளையங்கோட்டைப் பெரியவர் சொன்ன ‘பந்து இல்லாத பத்து பேர்’ எனக்கு இங்கேதான் முழுதாக விளங்கினார்கள்.

ஸ்ரீவைகுண்டம்

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து வடகால், தென்கால் என இரண்டு கால்வாய் பிரிகிறது. இந்தப் பக்கத்துப் பேச்செல்லாம் கபடி. மணத்தி கணேசன் இந்த வட்டாரத்துக்காரர். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, 1995-க்கான அர்ஜுனா விருது வாங்கியவர். அவர் கதையைத் தழுவிய மாரி செல்வராஜின் ‘பைசன்’ படம் 2025 தீபாவளிக்கு வந்ததிலிருந்து டீக்கடைகளில் அவர் பெயர் மறுபடி புழங்குகிறது. கபடியிலும் ஆடியவர் பயிற்றுவிக்க வருவது வழக்கம்தான். 2016-ல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிப் புரோ கபடி கோப்பை வென்ற தஞ்சாவூர்ப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதன், 2024-ல் தமிழ் தலைவாஸின் வியூகப் பயிற்சியாளரானார். ஆனால் கபடிப் பயிற்சியாளருக்கு டைம்-அவுட் உண்டு. ஆட்டத்தை நிறுத்தி, வட்டமாகக் கூட்டி வைத்துச் சொல்லிவிடலாம். கால்பந்தில் 45 நிமிடம் வெளியே நின்று வெந்துகொண்டிருக்க வேண்டும். இடைவேளை 15 நிமிடம். அதில் தண்ணீர் குடித்து, காலில் ஐஸ் வைத்து, மூச்சு வாங்கியது போக, பையன்களின் காதில் ஏறுவது இரண்டு செய்தி, மிஞ்சினால் மூன்று. அப்புறம் ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள். அவ்வளவுதான் தலைமைப் பயிற்சியாளரின் கையிருப்பு. மிச்சமெல்லாம் வாரம் முழுக்க விடிகாலையில் விதைத்ததாக இருக்க வேண்டும்.

காயல்பட்டினம்

தென்கால் தண்ணீரில் விளைந்த வாழைத் தோட்டங்களைத் தாண்டி, ஆத்தூர் வழியாகப் போனால் உப்புக்காற்று முகத்தில் அறைகிறது. ஆறு புன்னைக்காயலில் கடலைத் தொடுகிறது. அதற்குத் தெற்கே காயல்பட்டினம். இந்தக் கழிமுகத்துக் காயல் துறைமுகம் மார்க்கோ போலோவின் பயணக் குறிப்பில் இடம்பெற்றது. குடும்பத்துக்கு ஒருவர் கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங் என்று வியாபாரத்தில் இருக்கும் ஊர். 2023 டிசம்பர் பெருமழையில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்ததும் இங்கேதான்.

ஐக்கிய விளையாட்டுச் சங்கத்தின் மைதானத்தில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவுச் சுழற்கோப்பைக்காக அகில இந்தியக் கால்பந்துப் போட்டி பல பத்தாண்டுகளாக நடக்கிறது. கோடையில், வெளி மாநில அணிகளெல்லாம் வந்து ஆடும். நான் போனது போட்டிக் காலம் இல்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு சிறுவர்கள் கூடியிருந்தார்கள். அவர்களுக்கு மைதானத்தில் கோன் அடுக்கிக்கொண்டிருந்தவரும் முன்னாள் ஆட்டக்காரர், இந்தப் போட்டியிலேயே உள்ளூர் அணிக்கு ஆடியவர். குடும்பத்துக் கடையில் பகல் முழுக்க இருந்துவிட்டு வருகிறார்.

ஆட்டம் முடிந்து டீக்கடையில் உட்கார்ந்தபோது பேச்சு இந்திய அணிக்குத் திரும்பியது. அந்த ஊரில் இந்தப் பேச்சு சூடாவதற்குத் தனிக் காரணம் இருந்தது. 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் இந்தியாவின் பிரிவில் இருந்தவை சிங்கப்பூர், ஹாங்காங், வங்கதேசம். காயல்பட்டினத்தில் அதில் இரண்டு ஊருக்கும் சொந்தக்காரர்கள் உண்டு.

காலித் ஜமீலின் தொடக்கம் நன்றாகவே இருந்தது. தஜிகிஸ்தானில் நடந்த நேஷன்ஸ் கோப்பையில் 2025 செப்டம்பரில் ஓமனைப் பெனால்டியில் வென்று மூன்றாமிடம். அதன்பின் சறுக்கல். அக்டோபர் 14, மட்காவ்: சிங்கப்பூரிடம் சொந்த மண்ணில் 1-2. ஆசியக் கோப்பைக் கனவு அங்கேயே முடிந்தது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடமும் 0-1. அதே நவம்பரில் ஹாங்காங் போய் அவர்களை 2-1 என்று வென்று சிங்கப்பூர் தகுதி பெற்றது. சிங்கப்பூரின் பயிற்சியாளர் கேவின் லீ என்ற இளைஞர். தொழில்முறை ஆட்டக்காரராக இருந்ததே இல்லை. சின்ன வயதிலேயே பயிற்சியாளராவது என்று இறங்கியவர்.

“காக்கா, அப்போ ஆடுன ஆளு தோத்துட்டாரு, ஆடாத ஆளு ஜெயிச்சுட்டாரு. இது என்ன கணக்கு?” என்று கேட்டான் ஒரு பையன்.

மூலையில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆடத் தெரிஞ்சவன்தான் ஆட்டம் சொல்லித் தரணும்னு எந்தக் கிதாபுல எழுதியிருக்கு?”

பயிற்சி கொடுத்தவர் சிரித்துவிட்டு அவனுக்குப் பதில் சொன்னார். “தோத்ததுக்குக் காரணம் அவர் ஆடுனதும் இல்ல, ஆடாததும் இல்ல. அந்தப் பையன் சின்ன வயசுலேர்ந்து இதே வேலையா இருந்திருக்கான். நாம முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் ஆடிட்டு, அப்புறம் முதல் வகுப்புல போய் உக்காருறோம். ஆடுனது நமக்குப் பையன்ககிட்ட ஒரு மரியாதை வாங்கித் தரும். ஒரு வாரத்துக்கு. அப்புறம் தெரிஞ்சதைத்தான் காட்டணும்.”

இந்த ‘ஒரு வாரம்’தான் என் பயணத்தின் விடை. ஆடிய புகழ் மைதானத்தின் கதவைத் திறந்துவிடுகிறது. உள்ளே போன பிறகு செய்ய வேண்டியது முற்றிலும் புது வேலை, அதைப் பழக வருடக்கணக்கில் ஆகும். காலித்துக்குப் பதினாறு ஆண்டுகள் ஆனது அவருடைய மந்தத்தனத்தால் அல்ல. அந்த வேலைக்கு ஆகிற காலமே அதுதான். ஆனால் அந்தக் காலத்தை யார் தாங்குவது? சபீர் பாஷா காலத்தில் வங்கி தாங்கியது. பாளையங்கோட்டைப் பெரியவர்களைப் பள்ளிக்கூடச் சம்பளம் தாங்கியது. இன்று கடைக் கணக்கு எழுதிக்கொண்டு விடிகாலையில் விசில் ஊதுகிறவரைத் தாங்குவது அவருடைய வீட்டுக்காரர்களின் பொறுமை மட்டும்தான். பையன்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் பஞ்சமில்லை, மைதானங்களும் உண்டு, கோடையில் பார்க்கக் கூட்டமும் உண்டு. சி, பி லைசென்ஸ் வகுப்புகள் திருநெல்வேலியிலேயே, தமிழிலேயே நடந்து, படிக்கப் போகிறவருக்குப் படிப்பு முடியும்வரை சம்பளமும் நின்றுபோகாமல் இருந்தால், அடுத்த சைமன் சுந்தர்ராஜுக்கு மலை தாண்ட வேண்டிய அவசியம் இருக்காது.

காயல்பட்டினத்துப் பயிற்சியாளர் ‘சி’ லைசென்ஸ் வகுப்புக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டார். கட்டணத்தையும் ஒரு சீட்டு எடுத்துக் கட்டிவிட்டார். இடம் கிடைத்தால் கடைக்கு நாள் கணக்கில் லீவு போட வேண்டும். அதை வாப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு மட்டும் அவரிடம் இன்னும் ஒரு வியூகம் இல்லை.